ஆடி தப்பினாலும் ஐப்பசி உண்டு
கேரள எல்லைத் தமிழர்களின் வீட்டுத் தோட்டம்

'ஆடிப் பட்டம் தேடி விதை' என்பது நம்மவர்கள் பிறந்த ஊரிலிருந்து பெட்டி படுக்கையோடு கொண்டு வந்த பழமொழி. உசிலம்பட்டியானாலும் உடுமலையானாலும், ஆடிப் பெருக்கு வந்துவிட்டால் அங்கே யார் கையும் சும்மா இருக்காது. ஆனால் அதே ஆடியில் மூணாறு லயத்து முற்றத்தில் விதை ஊன்றியவர்கள் கண்டது என்ன? பாதி விதை மழைத் தண்ணீரோடு கீழ் லயத்து வாசலுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். மீதி மண்ணுக்குள்ளேயே அழுகிப் போயிருக்கும். 'இந்த மலை மண்ணில் ஒன்றும் விளையாது' என்று சலித்துக்கொண்டு மண்வெட்டியைச் சுவரில் சாய்த்து வைத்தவர்கள் எத்தனையோ பேர்.

பழமொழியில் பிழையில்லை. சொன்ன இடம் வேறு, நாம் வந்து சேர்ந்த இடம் வேறு. மலைக்குக் கிழக்கே ஆடி எப்படியோ, அப்படித்தான் மலைக்கு மேற்கே ஐப்பசி. புரட்டாசிக் கடைசியில் தொடங்கி கார்த்திகை முதல் வாரத்துக்குள் முடித்துவிட வேண்டிய இந்த விதைப்பைத் தவறவிட்டால், பிறகு சந்தைக் கூடையைத்தான் நம்ப வேண்டும்.

இரண்டு மழை, இரண்டு கணக்கு

கேரளத்துக்கு ஓர் ஆண்டில் கிடைக்கும் மழையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவத்தில் கொட்டிவிடுகிறது. இடவ மாதம் பாதியில் வருவதால் மலையாளிகள் இதை 'இடவப்பாதி' என்பார்கள். தமிழ்நாட்டிலோ ஆண்டு மழையில் கிட்டத்தட்டப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவத்தில்தான் கிடைக்கிறது.

இந்த வடகிழக்கு மழையின் ஒரு பங்கு மலையைத் தாண்டி இங்கும் வருகிறது. மலையாளத்தில் அதற்கு 'துலாவர்ஷம்' என்று பெயர். துலாம் என்பது நமது ஐப்பசி. இடவப்பாதி போல இரவு பகலாக ஊற்றாது. காலையில் நல்ல வெயில், பிற்பகலில் கருமேகம், மாலையில் இடியோடு ஒரு மழை, இரவில் தெளிந்த வானம் என்பதே இதன் வழக்கம். முளைக்கும் விதைக்கு இதைவிட நல்ல மழை கிடையாது. வெயிலும் உண்டு, ஈரமும் உண்டு.

1956 நவம்பர் 1-ம் தேதி மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோது தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் ஆகிய தாலுகாக்கள் கேரளத்தில் அமைந்தன. அதுவும் ஓர் ஐப்பசி மாதம்தான். எல்லைக் கல்லுக்கு இந்தப் பக்கம் தங்கிவிட்ட தமிழர்களும், பின்னர் பிழைப்புக்காக வந்தவர்களும் ரேஷன் கார்டையும் பள்ளிக்கூடத்தையும் புதிதாகப் பழகிக்கொண்டார்கள். விதைக்கும் மாதத்தையும் அப்படியே பழகிக்கொள்ள வேண்டியிருந்தது.

முதலில் மண்ணுக்குச் சுண்ணாம்பு

நான்கு மாத மழை மண்ணிலுள்ள சுண்ணாம்புச் சத்தை அடித்துக்கொண்டு போய்விடுகிறது. அதனால் கேரளத்தின் பெரும்பாலான மண் புளிப்பு மண். தேயிலைக்குப் புளிப்பு மண்தான் பிடிக்கும். காய்கறிக்குப் பிடிக்காது. எரு போட்டும் செடி மஞ்சளாக நிற்பதற்குப் பல இடங்களில் இதுவே காரணம்.

ஒரு சென்ட் நிலத்துக்கு 2 கிலோ நீற்றுச் சுண்ணாம்பைத் தூவிக் கொத்திவிட்டு, இரண்டு வாரம் கழித்துத் தொழு உரம் இட வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் போட்டால் உரத்தின் சத்து காற்றோடு போய்விடும். தொழு உரம் சென்டுக்கு 100 கிலோ வரை இடலாம். அவ்வளவு கிடைக்காதவர்கள் குழியில் மட்டும் இட்டால் போதும். புரட்டாசி கடைசி வாரத்தில் சுண்ணாம்பு தூவினால் ஐப்பசி இரண்டாம் வாரத்துக்கு மண் தயார்.

ஒரு விலக்கு உண்டு. சித்தூர் தாலுகாவின் கிழக்குக் கோடியில், கொழிஞ்சாம்பாறை, எருத்தேன்பதி வட்டாரத்தில் கரிசல் மண் இருக்கிறது. பொள்ளாச்சிப் பக்கத்து மண்ணின் தொடர்ச்சி அது. அங்கே சுண்ணாம்பு ஏற்கெனவே உண்டு. பக்கத்து ஊரில் போட்டார்களே என்று அங்கேயும் போட்டால் கெடுதல்தான்.

பாத்தி தரையோடு தரையாக இருக்கக் கூடாது. ஒரு சாண் உயரத்துக்கு மேடு கட்டி, இரண்டு மேட்டுக்கு நடுவே தண்ணீர் ஓட வழி விட வேண்டும். ஐப்பசி மழை ஒரு மணி நேரமே பெய்தாலும் அந்த ஒரு மணி நேரத்தில் பள்ளத்து நாற்றை மூழ்கடித்துவிடும்.

பாலக்காடு: தேருக்குள் நாற்று

பாலக்காட்டு வயல்களில் புரட்டாசி, ஐப்பசி என்பது இரண்டாம் போகம் தொடங்கும் காலம். முதல் போகமான விரிப்பு அறுவடையாகி, முண்டகன் நடவு நடக்கும். ஆழியாற்றிலிருந்து வரும் தண்ணீரும் சித்தூர்ப் பகுதிக்கு இந்தப் பருவத்தில் உயிர்நாடி. பரம்பிக்குளம்-ஆழியாறு பற்றி 1970-ல் இரு மாநிலங்களும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, மணக்கடவு அணை வழியாக ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் கேரளத்துக்குரியது.

வயல் இல்லாதவர்களின் கதை வேறு. ஒலவக்கோடு ரயில்வே காலனியிலும், கஞ்சிக்கோடு தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள வாடகை வீடுகளிலும் இருப்பவர்களுக்கு வாய்ப்பது வீட்டின் பின்புறம் பத்தடிக்கு இருபதடி இடம். அதற்கே ஒரு குடும்பத்தின் பாதிக் காய்கறியைத் தரும் சக்தி உண்டு, காலம் தவறாமல் நட்டால்.

காலத்தை நினைவில் வைக்கக் கல்பாத்தித் தேரே போதும். துலா மாதத்துக் கடைசி நாட்களில், அதாவது நவம்பர் நடுவில், தேர் ஓடும். அதற்குள் கத்தரி, தக்காளி, மிளகாய் நாற்றுகள் நாற்றங்காலை விட்டு மண்ணில் வேர் பிடித்திருக்க வேண்டும். 25 முதல் 30 நாள் வயதுள்ள நாற்றுதான் நடவுக்கு ஏற்றது என்பதால், புரட்டாசியின் பின்பாதியிலேயே விதையைத் தூவியிருக்க வேண்டும் என்று கணக்கு வருகிறது.

ஏன் இந்த அவசரம்? தேர் முடிந்ததும் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்குக் காற்று வீசத் தொடங்குகிறது. உள்ளூரில் 'விருச்சிகக் காற்று' என்பார்கள். விருச்சிகம் நமது கார்த்திகை. மேற்கு மலைத் தொடரில் முப்பது, நாற்பது கிலோ மீட்டர் அகலத்துக்கு விழுந்த ஒரே பெரிய இடைவெளி பாலக்காடு. அதனால் அந்த வறண்ட காற்று நேராக உள்ளே நுழைகிறது. துணி ஒரு மணி நேரத்தில் உலர்ந்துவிடும், மண்ணும் அப்படியே. வேர் பிடித்த செடி தாங்கும், நேற்று நட்ட நாற்று தாங்காது. மதில் ஓரமாக நடுவதும், செடியைச் சுற்றி வைக்கோலோ தென்னை மட்டையோ மூடி வைப்பதும், பாகல், புடல் பந்தலுக்கு இரட்டைக் கயிறு கட்டுவதும் இந்தக் காற்றுக்காகத்தான்.

முட்டைக்கோசும் காலிபிளவரும் மலையில்தான் வரும் என்று பலர் நினைக்கின்றனர். சமவெளிக்கு ஏற்ற ரகமாக வாங்கி, நவம்பர் முதல் பாதிக்குள் நட்டுவிட்டால் பாலக்காட்டிலும் ஜனவரியில் பூவும் கோசும் பிடிக்கும். மாசி வெயிலில் இலை மட்டுமே வளரும்.

கீரை ஐப்பசியில் செழித்து வரும். ஆனால் மழை ஈரத்தில் சிவப்புக் கீரையின் இலையில் வெள்ளைப் புள்ளிகள் விழுந்து ஒரே வாரத்தில் பாத்தி முழுவதும் கெடும். பச்சைக் கீரையான கோ-1 ரகம் இந்நோயைத் தாங்கும். இரண்டையும் கலந்து விதைத்தால் நோய் ஒரு செடியிலிருந்து மறு செடிக்குத் தாவுவது குறையும். தண்ணீரை இலை மேல் தெளிக்காமல் அடியில் ஊற்றுவதும், 10 லிட்டர் தண்ணீரில் ஒரு கிலோ பசுஞ்சாணத்தைக் கரைத்து, தெளிந்த நீரை வடித்துத் தெளிப்பதும் செலவில்லாத வைத்தியம்.

ஊர் விதை வாடுவது ஏன்?

விடுமுறைக்குப் போய்விட்டு வரும்போது ஊரிலிருந்து கத்தரி விதையும் தக்காளி விதையும் முடிந்து கொண்டு வருவது நம்மவர் பழக்கம். அம்மா கையால் காய வைத்த விதை. நட்டால் நன்றாகத்தான் வளரும். பூ விடும் நேரத்தில் ஒரு நாள் மத்தியானம் இலை தொங்கும். மறுநாள் செடி முழுவதும் பச்சையாகவே வாடி நிற்கும். தண்ணீர் போதவில்லை என்று மேலும் தண்ணீர் ஊற்றுவார்கள். யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்பாரும் உண்டு.

இது மண்ணில் இருக்கும் பாக்டீரியாவால் வரும் வாடல் நோய். புளிப்பான, ஈரமான கேரள மண்ணில் இது அதிகம். சோதித்துப் பார்ப்பது எளிது. வாடிய செடியின் அடித்தண்டை ஒரு துண்டு வெட்டி, கண்ணாடித் தம்ளரில் உள்ள தெளிந்த தண்ணீரில் வெட்டு வாய் நனையும்படி பிடித்தால், சில நிமிடங்களில் பால் போன்ற இழை கீழே இறங்கும். இறங்கினால் நோய் அதுதான். அந்தச் செடியை வேரோடு பிடுங்கி எரிப்பதைத் தவிர வழியில்லை. தண்ணீர் ஊற்றினால் அடுத்த செடிக்கும் நோய் போகும்.

கேரள வேளாண்மைப் பல்கலைக்கழகம் இந்த நோயைத் தாங்கும் ரகங்களை வெளியிட்டுள்ளது. தக்காளியில் சக்தி, முக்தி, அனகா; கத்தரியில் சூர்யா, சுவேதா, ஹரிதா; மிளகாயில் உஜ்ஜ்வலா, அனுக்ரகா. கடையில் 'நல்ல விதை கொடுங்கள்' என்று கேட்காமல் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். ஊர் விதையை விட மனமில்லாதவர்கள் அதைத் தொட்டியிலோ சாக்கிலோ புது மண் நிரப்பி வளர்க்கலாம்.

மூணாறு: பனிக்கு முன் கணக்கு

ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலுள்ள மூணாற்றில் அவசரத்துக்குக் காரணம் காற்று அல்ல, உறைபனி. மார்கழி, தை மாதங்களில் தெளிந்த இரவுகளில் பள்ளத்தாக்குப் புல்வெளி வெள்ளையாகும். 2019 ஜனவரியில் தொடர்ந்து பல நாள் பனி விழுந்து தேயிலைச் செடிகளே கருகின. தேயிலைக்கே அந்தக் கதி என்றால் பீன்ஸ் எந்த மூலைக்கு?

எனவே இங்கே பின்னாலிருந்து கணக்குப் போட வேண்டும். பீன்ஸ் காய்ப்புக்கு 60 முதல் 70 நாள். அக்டோபர் நடுவில் ஊன்றினால் டிசம்பர் இறுதிக்குள் பறித்துவிடலாம். நவம்பர் கடைசியில் ஊன்றினால் பூவோடு பனியில் கருகும். உருளைக்கிழங்கு, தக்காளி, அவரை ஆகியவற்றுக்கும் பனி ஆகாது. கேரட், முள்ளங்கி, முட்டைக்கோஸ், பூண்டு ஆகியவை ஓரளவு தாங்கும். ஆகையால் பனிக்கு அஞ்சும் பயிரைச் சரிவின் மேல் பக்கத்திலும், தாங்கும் பயிரைப் பள்ளத்திலும் வைப்பது விவரம் அறிந்தவர்கள் செய்யும் காரியம். குளிர்ந்த காற்று தண்ணீரைப் போலப் பள்ளத்தில்தான் தேங்கும்.

பந்தல் அவரையில் பழைய ரகங்கள் பகல் பொழுது குறுகினால்தான் பூக்கும். அதை முன்னமே விதைத்துக் கொடி ஏற்றியிருந்தால் கார்த்திகையில் பூக்கும். ஐப்பசியில் விதைத்தால் கொடி வளருமுன் பூத்து ஓய்ந்துவிடும். இப்போது விதைப்பவர்கள் குத்து அவரையை வைத்துக்கொள்வதே மேல்.

வேலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். காட்டுப்பன்றி ஓர் இரவில் கேரட் பாத்தியை உழுதுவிடும். மூணாறு மக்கள் 'படையப்பா' என்று பெயர் வைத்த கொம்பன் யானை லயங்களை ஒட்டிய தோட்டங்களுக்கு வந்துபோன செய்தி பல முறை வந்திருக்கிறது. யானை நடக்கும் பக்கத்தில் வாழை வைப்பது விருந்துக்கு அழைப்பது போல. விளைந்ததைப் 'பொங்கலுக்குப் பறிப்போம்' என்று விட்டு வைக்காமல் அவ்வப்போது பறித்துவிடுவது நல்லது.

இன்னொன்று இதைவிட முக்கியம். 2020 ஆகஸ்ட் 6-ம் தேதி இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியதில் 70 பேர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினர். அந்த நினைவு மலையில் இருக்கும் எவருக்கும் ஆறாது. ஒரு பாத்தி கூடக் கிடைக்கும் என்பதற்காக லயத்துக்குப் பின்னாலுள்ள சரிவைச் செங்குத்தாக வெட்டுவதும், மழைநீர் ஓடும் காணை மண் போட்டு அடைப்பதும் வேண்டாம். பாத்தியைச் சரிவுக்குக் குறுக்காகப் போட வேண்டும். காணைத் தூர் வாருவதே ஐப்பசியின் முதல் வேலையாக இருக்கட்டும்.

மழை மறைவு ஊர்கள்

மூணாற்றிலிருந்து வடகிழக்கே இறங்கினால் காட்சி மாறுகிறது. மறையூர், காந்தலூர், வட்டவடை ஆகியவை மலையின் மறைவில் இருப்பதால் இடவப்பாதியின் வேகம் அங்கே எட்டுவதில்லை. தமிழ் பேசும் இந்த மலைக் கிராமங்களில் படிப்படியாகக் கட்டிய வயல்களில் கேரட், பீன்ஸ், கோஸ், உருளை, பூண்டு விளைகின்றன. ஓணச் சந்தைக்கு அறுத்த நிலத்தை மீண்டும் கொத்திப் புரட்டும் காலம் இது. மலைப் பூண்டுக்கு அக்டோபர், நவம்பர் இரண்டாவது நடவுப் பருவம். காந்தலூர்-வட்டவடைப் பூண்டுக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே சமயத்தில் பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடியின் துவரைக்கும், ஆட்டுக் கொம்பு போல வளைந்த அவரைக்கும் அந்தக் குறியீடு கிடைத்தது. பழங்குடி மக்களும் எல்லையோர மக்களும் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்த விதைகளுக்கு அரசாங்கம் தந்த முத்திரை அது.

பூண்டு நடுவது வீட்டுத் தோட்டத்திலும் கடினமில்லை. மலைப் பகுதியில் இருப்பவர்கள் பெரிய பல்லாகப் பார்த்து, முனை மேலே இருக்கும்படி, நான்கு விரல் இடைவெளியில் ஊன்றினால் நான்கு மாதத்தில் எடுக்கலாம்.

ஏலத் தோட்டங்களுக்குக் கம்பம், போடி பக்கத்திலிருந்து விடியுமுன் ஜீப்பில் ஏறிப் பொழுது சாய்ந்து வீடு திரும்புபவர்களுக்கு இவ்வளவு பக்குவம் பார்க்க நேரமிராது. அவர்களுக்கு ஏற்றவை கீரையும் குத்து அவரையும் கொத்தவரையும். வாரம் ஒரு ஞாயிறு கை வைத்தால் போதும்.

தீபாவளிப் பயணம்

இந்தப் பருவத்துக்கு ஒரு பெரிய இடைஞ்சல் தீபாவளி. போனஸ் கையில் வந்ததும் குடும்பத்தோடு ஊருக்குப் புறப்படுகிறோம். ஒரு வாரம் வீடு பூட்டிக் கிடக்கிறது. திரும்பி வரும்போது புதிதாக நட்ட நாற்றில் பாதியை நத்தையும் மீதியைப் பக்கத்து வீட்டுக் கோழியும் தீர்த்திருக்கும். பயணத்துக்கு நான்கு நாள் முன்னால் நடுவதைவிட, நாற்றைச் சட்டியிலேயே விட்டு அண்டை வீட்டாரிடம் ஒப்படைத்துவிட்டுப் போய், வந்த மறுநாள் மாலை நடுவதே சரி. நேரடியாக ஊன்றும் பீன்ஸ், பயறு, முள்ளங்கி ஆகியவற்றை மட்டும் புறப்படுமுன் ஊன்றிவிடலாம். ஐப்பசி மழை அவற்றைப் பார்த்துக்கொள்ளும்.

விதைக்கும் ஆலோசனைக்கும் ஒவ்வொரு பஞ்சாயத்திலும் 'கிருஷி பவன்' உண்டு. 1987 முதல் இயங்கி வருகிறது. நிலப் பட்டா இல்லை, மலையாளம் எழுத வராது என்று நம்மவர்கள் அதன் படி ஏறத் தயங்குகின்றனர். வீட்டுத் தோட்டத்துக்கு விதைப் பொட்டலமும் நாற்றும் கேட்பதற்குத் தயக்கம் வேண்டியதில்லை. ரேஷன் கடையில் பேசும் மலையாளம் அங்கேயும் போதும்.

சொந்தமில்லாத மண்

'நம்முடைய நிலமா இது? யாருக்காக உழைப்பது?' என்ற கேள்வி லயத்திலும் குவார்ட்டர்ஸிலும் எப்போதும் உண்டு. நியாயமான கேள்விதான். தொழிலாளிக்கு நிர்வாகம் வீடு தர வேண்டும் என்று 1951-ம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் விதித்திருந்தது. ஆனால் வேலை முடிந்தால் வீட்டையும் விட வேண்டும். முப்பது, நாற்பது ஆண்டு கொத்திப் பண்படுத்திய முற்றத்தை ஓய்வு பெறும் நாளில் சாவியோடு சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். குமாஸ்தாவின் நிலையும் அதுவே. முருங்கை காய்க்கத் தொடங்கும்போது மாற்றல் உத்தரவு வரும்.

அதனால்தான் ஐப்பசிப் பட்டம் இவர்களுக்கே உரிய பட்டமாக இருக்கிறது. கீரை 30 நாள், முள்ளங்கி 45 நாள், பீன்ஸ் 70 நாள், கேரட் 100 நாள். தென்னை வைத்துப் பேரன் காலம் வரை காத்திருக்க முடியாதவர்கள், தைப் பொங்கலுக்குள் போட்ட உழைப்பைக் கையோடு எடுத்துக்கொள்ளலாம். 2018 வெள்ளத்தில் சாலைகள் அறுந்தபோதும், 2020 ஊரடங்கில் வாளையார், குமுளிச் சாவடிகளில் கெடுபிடி இருந்தபோதும், லாரி வருமா என்று பார்த்துக்கொண்டிருந்த வீடுகளில், பின்புறத்தில் நான்கு பாத்தி வைத்திருந்தவர்கள் கொஞ்சம் நிம்மதியாக இருந்தார்கள்.

காலி செய்து போகும்போது முருங்கையை வெட்டிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. எதிர்ப்பட்ட புதுக் குடித்தனக்காரரிடம் 'இந்த மூலையில் தண்ணீர் தேங்கும், கத்தரியை அந்தப் பக்கம் வையுங்கள்' என்று சொல்லி, ஒரு பிடி விதையும் கொடுத்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. லயத்து முற்றங்களில் யார் வைத்தது என்று தெரியாமல் வேலியில் காய்த்துத் தொங்கும் சௌசௌக் கொடிகள் எல்லாம் இரண்டாம் வகையினர் விட்டுச் சென்றவை.

புரட்டாசி முடியப் போகிறது. மண்வெட்டியை எடுத்துத் துருவைத் துடைத்து வைக்க இதுவே நேரம்.